எஸ்பிஎம் 86 இல்ல, ரிமூவ் 81: எங்க கான்வென்ட் ரீயூனியன் வேலை

ரீயூனியன் வைக்கலாம்னு யாராச்சும் ஆரம்பிச்சா முதல் வேலையா ஒரு வாட்ஸப் குரூப் தொறப்பாங்க, அதுக்கு "எஸ்பிஎம் இன்ன வருஷம்"னு பேரு வெப்பாங்க. எங்களுக்கும் அப்படித்தான். நாங்க 86ல எஸ்பிஎம், அதான் மலேசியாவுல ஃபார்ம் ஃபைவ் கடைசியில வர்ற பரீட்சை, எழுதினவங்க, இந்த வருஷத்தோட 40 வருஷம், சரி ஒரு நாள் கூடிடுவோம்னு தெலுக் இந்தான் டவுன்லயே இருக்கற ஒரு கூட்டாளி "கான்வென்ட் எஸ்பிஎம் 86"னு தொறந்தா, கொஞ்ச நாள்லயே குரூப் ரொம்பிடுச்சு. ஒரே பழைய போட்டோ, குட்மார்னிங் ரோஜாப்பூ, யாரு டாக்டர், யாரு வக்கீல், யாரு மெல்பர்ன்ல இருக்கான்னு ஒரே சத்தம். நான் மெம்பர் லிஸ்ட்ட மேல இருந்து கீழ வரைக்கும் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். தோட்டத்துப் பிள்ளைங்கன்னு, அதாவது ரப்பர், பாமாயில் எஸ்டேட் பிள்ளைங்கன்னு பார்த்தா என்னையும் சேர்த்து ஒரு கை விரலுக்குள்ள அடங்கிட்டோம்.

மத்தவளுங்கள்லாம் எங்கன்னா, அவளுங்க எஸ்பிஎம்மே எழுதல. இது இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்குப் புரியாது, அதனால கொஞ்சம் விளக்கமா சொல்றேன். தோட்டத்து தமிழ்ப்பள்ளியில ஆறாம் ஆண்டு முடிச்சா அப்பல்லாம் நேரா ஃபார்ம் ஒன், அதான் இடைநிலைப்பள்ளி முதல் வருஷம், போக முடியாது, ரிமூவ் கிளாஸ்னு ஒரு வருஷம் மலாய் படிச்சுட்டுதான் போகணும், பெராலிஹான்னு சொல்றாங்களே அதேதான், சீனப்பள்ளியில இருந்து வர்றவங்களுக்கும் அதே கதை. டவுன்ல கான்வென்ட் பிரைமரியில படிச்ச பிள்ளைங்க நேரா ஃபார்ம் ஒன்னுக்குப் போயிடுவாங்க, நாங்க ஒரு வயசு மூத்தவளுங்களா அவங்க பின்னாடி போய் உட்காருவோம். அப்புறம் ஃபார்ம் த்ரீல எஸ்ஆர்பின்னு ஒரு பரீட்சை. அதுல தோத்தா ஃபார்ம் ஃபோர் கிடையாது, மலாய்ல மட்டும் தோத்தாலும் மத்த பாடத்துல என்ன வாங்கியிருந்தாலும் சர்ட்டிபிகேட் கிடையாது. 81ல ரிமூவ்ல உட்கார்ந்த எங்க கூட்டம் 84ல எஸ்ஆர்பி எழுதறதுக்குள்ளேயே பாதி கரைஞ்சிடுச்சு, ரிசல்ட் வந்ததுக்கு அப்புறம் மிச்சம் இருந்தவங்க ரெண்டு பெஞ்சுல உட்கார்ந்துக்கலாம்.

அப்ப "எஸ்பிஎம் 86"னு பேரு வெச்சா என்ன அர்த்தம்? பாஸ் பண்ணவங்க மட்டும் வாங்கன்னு வாசல்லயே போர்டு மாட்டின மாதிரி. யாரும் வேணும்னு செய்யல, அது எனக்குத் தெரியும். ஆனா ஸ்கூல் எங்கள ஒரு தடவை வடிகட்டுனது போதாதுன்னு நாமளே 40 வருஷம் கழிச்சு இன்னொரு தடவை வடிகட்டணுமா? நான் குரூப்ல போட்டேன், "எந்த வருஷம் வெளிய போனோம்னு எண்ணாம எந்த வருஷம் உள்ள வந்தோம்னு எண்ணலாமே"ன்னு. ரிமூவ் 81, ஃபார்ம் ஒன் 82, இந்த ரெண்டுல எதுல சேர்ந்திருந்தாலும் நம்ம ஆளுதான், பாதியில நின்னிருந்தாலும் சரி, வேற ஸ்கூலுக்கு மாறியிருந்தாலும் சரி.

ஒருத்தி உடனே கேட்டா, "அவங்க வருவாங்களா லா? வந்தா சங்கடப்படுவாங்களே." நல்ல மனசோடதான் கேட்டா. ஆனா சங்கடம் யாருக்குன்னு யோசிச்சா அது நம்ம பக்கம்தான் அதிகம். ரெண்டு நாள் குரூப்ல சூடு, அப்புறம் ஒரு சீனக் கூட்டாளி, அவளும் ரிமூவ் வழியா வந்தவதான், "என் பெஸ்ட் ஃபிரெண்ட் ஃபார்ம் டூல நின்னுட்டா, அவ இல்லாம நான் யார் கூட உட்கார்றது"ன்னு மலாய்ல ஒரு வரி போட்டா. பேரு மாறிடுச்சு.

ரீயூனியன் வைக்கப் போறவங்களுக்கு நான் சொல்ற முதல் விஷயம் இதுதான். பேட்ச் எந்த வருஷம்னு முதல்லயே முடிவு பண்ணுங்க. டவுன் ஸ்கூலுக்கு இது பெரிய வித்தியாசம் பண்ணாது, தோட்டம் சூழ்ந்த ஊருக்கு இதுதான் எல்லாமே.

இப்ப அந்த வருஷங்களப் பத்தி. 81ல நாங்க சேர்ந்தப்ப ஊரு பேரு தெலுக் அன்சன். நோட்டுப் புத்தக அட்டையில அப்படித்தான் எழுதுவோம். 82ல தெலுக் இந்தான்னு மாத்திட்டாங்க, ஆனா எங்க அப்பா சாகற வரைக்கும் அன்சன்தான், பஸ் கண்டக்டரும் ரொம்ப வருஷம் அப்படித்தான் கத்துவாரு. அதே 82 ஜனவரி 1ஆம் தேதி கடிகாரத்தையும் அரை மணி நேரம் முன்னாடி தள்ளி வெச்சாங்க, சபா சரவாக்கோட ஒரே நேரம் ஆகணும்னு. தோட்டத்துல இதுக்குப் பெரிய முணுமுணுப்பு, ஏன்னா காலையில பெரட்டுக்கு, வேலைக்கு ஆளெண்ணிக் கூப்பிடறதுக்கு, மணி அடிக்கற நேரத்துக்கு முன்னவிட இன்னும் கும்மிருட்டு. எங்களுக்கு மட்டும் அது நல்லதாப் போச்சு. ரிமூவும் சின்ன ஃபார்மும் மத்தியான செஷன், சாயங்காலம் ஆறு மணிக்கு மேலதான் விடுவாங்க, டவுன்ல பஸ் புடிச்சு தோட்டத்து ஜங்ஷன்ல இறங்கி செம்மண் சடக்குல லயத்துக்கு, தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, நடந்து வரணும், ரெண்டு பக்கமும் கித்தா மரம், ரப்பர்தான். முந்தின வருஷம் நடு வழியிலயே இருட்டிடும். 82ல இருந்து லயத்து விளக்கு தெரியற வரைக்கும் வெளிச்சம் இருந்துச்சு. ஃபார்ம் த்ரீல காலை செஷனுக்கு மாறினப்ப அந்தக் கடன தீர்த்துட்டோம், ஜங்ஷன்ல நின்னா பக்கத்துல நிக்கறவ மூஞ்சி தெரியாது, வெள்ளை சட்டை மட்டும்தான் தெரியும்.

பிள்ளைங்க எங்கெங்க இருந்தோ வருவாங்க. ஜெண்ட்ராட்டா பக்கம், நோவா ஸ்கோஷியா தோட்டத்துப் பக்கம், ஊத்தான் மெலிந்தாங் பக்கம். ஜெண்ட்ராட்டா பிள்ளைங்களுக்கு ஒரு பெருமை, அவங்க தோட்டத்துல செம்பனை, அதான் பாமாயில் பனை, குலை ஏத்திக்கிட்டுப் போற குட்டி ரயில் இருக்கு. எங்க தோட்டத்துல டிராக்டர்தான். இதுக்கெல்லாம் சண்டை போட்டிருக்கோம்னா பாத்துக்கங்க.

கான்வென்ட்னா இந்த நாட்டுல ரொம்பப் பழசு. 1852ல பினாங்குக்கு வந்த இன்ஃபன்ட் ஜீசஸ் சிஸ்டர்ஸ் லைட் ஸ்ட்ரீட்ல ஆரம்பிச்சது, அப்புறம் தைப்பிங், ஈப்போ, கேஎல்னு ஊர் ஊரா. எந்த ஊர் ஐஜே கான்வென்ட்டுக்குப் போனாலும் ஒரே வாசகம்தான், சிம்பிள் இன் வெர்ச்சூ, ஸ்டெட்ஃபாஸ்ட் இன் டியூட்டி. ரிமூவ்ல எங்களுக்கு இதுல ஒரு வார்த்தை கூட வாயில நுழையாது, ஆனா அசெம்பிளியில கணீர்னு சொல்லுவோம். எங்க காலத்துல பாடமெல்லாம் மலாய்க்கு மாறிடுச்சு, ஆனா சிஸ்டருங்க வராண்டாவுல திட்டறது இங்கிலீஷ்லதான். தோட்டத்துப் பிள்ளைங்களுக்கு அதுல ஒரு வசதி, திட்டு புரியாது.

புத்தகம் பிரச்சனை இல்ல. 75ல இருந்தே பாடப் புத்தக இரவல் திட்டம் இருந்துச்சு, அப்பாவோட சம்பளச் சீட்ட தோட்டத்து கிராணிகிட்ட, ஆபீஸ் கிளார்க்குதான், கையெழுத்து வாங்கிக் கொடுத்தா போதும், வருஷக் கடைசியில திருப்பிக் கொடுக்கணும். முன்னாடி படிச்சவ பேரு உள் அட்டையில இருக்கும், அதுக்குக் கீழ நம்ம பேரு. பிரச்சனை யூனிஃபார்ம்தான். நீல பினாஃபோர் தைக்கக் காசு வேணும். சிஸ்டர் ஆபீஸ் பக்கத்துல ஒரு மர அலமாரி, அதுல பெரிய பிள்ளைங்க விட்டுட்டுப் போன பினாஃபோர், துவைச்சு இஸ்திரி போட்டு சைஸ் வாரியா அடுக்கி இருக்கும். அந்த வயசான சிஸ்டர் யாரையும் பேரு சொல்லிக் கூப்பிட்டுக் கொடுக்க மாட்டாங்க. "இந்தப் பெட்டிய மேல கொண்டு வந்து வெச்சுக் கொடு"ன்னு வேலை சொல்ற மாதிரி கூப்பிடுவாங்க, அலமாரியத் தொறப்பாங்க, "உனக்கு இது சரியா இருக்குமா பாரு, எனக்கு இடத்த அடைக்குது"ன்னுவாங்க. நான் ஃபார்ம் டூ வரைக்கும் அந்த அலமாரி பினாஃபோர்தான் போட்டேன், இடுப்புப் பட்டியில வேற ஒருத்தியோட இனிஷியல் சிவப்பு நூல்ல தைச்சிருக்கும். யாருக்கும் தெரியாதுன்னு நெனச்சேன். இப்ப குரூப்ல பேசினா பாதிப் பேரு அந்த அலமாரிக்குப் போயிருக்காங்க, ஒவ்வொருத்தியும் தான் மட்டும்தான்னு நெனச்சுக்கிட்டு இருந்திருக்கா.

சயின்ஸ் ருமா தங்கா, மனையியல் கிளாஸ்தான் பெரிய கூத்து. கேக் செய்யணும், வெண்ணெய் 250 கிராம் கொண்டு வாங்கன்னு டீச்சர் சொல்லிட்டாங்க. எங்க அம்மா தோட்டத்துக் கடையில கணக்குல எழுதி ஒரு பிளாந்தா மார்ஜரின் டின் வாங்கிக் கொடுத்தாங்க, வெண்ணெய்னா எங்களுக்கு அதுதான். பக்கத்து மேசையில டவுன் டவுக்கே, அதான் முதலாளி, மகள் தங்கக் கலர் பேப்பர் சுத்தின வெண்ணெய்க் கட்டி வெச்சிருக்கா. நாங்க நாலு பேரும் அது என்னன்னு எட்டிப் பார்த்தோம், அவளும் எங்க டின்ன எட்டிப் பார்த்தா. அன்னைக்கு எங்க மேசை கேக்தான் நல்லா உப்புச்சு, இத அவளே போன வாரம் குரூப்ல ஒத்துக்கிட்டா. 45 வருஷத்துல எனக்குக் கெடைச்ச பெரிய வெற்றி.

நான் கத்தோலிக்கம், தோட்டத்துல சின்னக் கோயில், மாசம் ஒரு தடவைதான் ஃபாதர் பூசைக்கு வருவாரு, மத்த ஞாயிறெல்லாம் உபதேசியார்தான் ஜெபம் சொல்லுவாரு. அதனால கான்வென்ட்ல எனக்கு ஏதோ சொந்த வீடு மாதிரி இருக்கும்னு நெனச்சேன், ஆனா ஜெபமெல்லாம் இங்கிலீஷ்ல, நானும் மத்த பிள்ளைங்க மாதிரி முழிச்சுக்கிட்டு நின்னேன். எங்க லயத்து இந்துப் பிள்ளை ஒருத்தி எனக்கு முன்னாடி ஹெய்ல் மேரிய மனப்பாடம் பண்ணிட்டா, கோயில் தேவாரப் போட்டியில வர்ற பிள்ளை, எது கொடுத்தாலும் ராகத்தோட ஏத்திக்குவா. தோட்டத்துக்கு வந்து எனக்கு சொல்லிக் கொடுத்ததே அவதான். எஸ்ஆர்பி வந்தப்ப மாதா கெபிக்கு முன்னாடி செம்பருத்தி, மல்லி, ஒரு தடவை எலுமிச்சம்பழம் குங்குமத்தோட. சிஸ்டர் பார்த்துட்டு ஒண்ணும் சொல்லல, எறும்பு வரும்னு பழத்த மட்டும் எடுத்துட்டாங்க.

தமிழ் இருந்துச்சான்னு கேப்பீங்க. பிஓஎல்னு இருந்துச்சு, பியூபிள்ஸ் ஓன் லாங்குவேஜ், 15 பிள்ளைங்களோட பெத்தவங்க கேட்டா வகுப்பு நடத்தலாம். எங்களுக்கு சனிக்கிழமை காலையில. சனிக்கிழமைக்குன்னு தனியா பஸ் காசு கொடுக்க எல்லா வீட்லயும் முடியாது, அதனால தமிழ்ப்பள்ளியில இருந்து வந்தவளுங்களே தமிழ் கிளாஸுக்கு வர மாட்டாளுங்க. வாத்தியாருக்கு 15 தலை கணக்குக் காட்டணுமே, டவுன் பிள்ளைங்கள கெஞ்சிக் கூட்டிக்கிட்டு வந்து உட்கார வெப்பாரு.

நின்னவளுங்க எல்லாரும் படிப்பு வராம நின்னாங்கன்னு யாரும் நெனச்சுக்காதீங்க. என் பக்கத்து சீட்டுக்காரி ரிமூவ்ல மலாய்ல முதல் ஆளு, எனக்கு இம்புஹான், மலாய் இலக்கணத்துல முன்னொட்டு பின்னொட்டு, சொல்லிக் கொடுத்தவளே அவதான். அவ அம்மாவுக்கு உடம்பு முடியாமப் போச்சு, ரப்பர் பால் வெட்ட ஆளு இல்லன்னா அவங்களுக்குன்னு இருந்த மர நிரை வேற ஆளுக்குப் போயிடும், இவ ஃபார்ம் டூல கத்திய எடுத்துக்கிட்டுப் போயிட்டா. இன்னும் ரெண்டு பேரு பினாங்கு பாயான் லெப்பாஸ் பேக்டரிக்கு, அங்க பொம்பளப் பிள்ளைங்களுக்கு ஹாஸ்டல் இருக்குன்னு யாரோ சொல்லி பஸ் ஏறிட்டாங்க. 85ல நாடே சறுக்குன நேரம், எங்க பேராக் மாநிலத்துல ஈய விலை விழுந்து லொம்போங், ஈயச் சுரங்கம், எல்லாம் மூடிக்கிட்டு இருந்தாங்க, அந்த நேரத்துல படிச்சு என்ன ஆகப் போகுதுன்னு வீட்டுல கேட்டா பதில் சொல்ல எங்ககிட்ட ஒண்ணும் இல்ல.

சரி, இவங்கள எப்படிக் கண்டுபுடிக்கறது. ஃபேஸ்புக்ல தேடிப் பிரயோஜனம் இல்ல, பாதிப் பேரு அக்கவுண்ட் பேரன் போட்டோவோட வேற ஏதோ பேருல இருக்கும். பழைய அட்ரஸும் உதவாது, லயமே இல்ல, செம்பனை நட்டாச்சு, ஆளுங்க கிள்ளான், காப்பார், ரவாங், ஜொகூர்னு செதறிட்டாங்க. எனக்கு வேலை செஞ்சது மூணு வழி.

முதல்ல தோட்டத்துக் கோயில் திருவிழா. தோட்டம் போனாலும் மாரியம்மன் கோயில் நிக்குது, வருஷத்துல ஒரு நாள் எங்க இருந்தாலும் வந்துருவாங்க. கையில பழைய கிளாஸ் போட்டோவோட அன்னதானப் பந்தல்ல போய் உட்காருங்க. ஆனா நம்ம வயசு ஆளுங்ககிட்ட கேக்காதீங்க, வயசான அத்தைங்ககிட்ட கேளுங்க. "இது நம்ம ரெண்டாம் டிவிசன் தண்டல் பேத்திலா, காப்பார்ல கட்டிக் கொடுத்தாங்க, அவ நாத்தனா நம்பர் என்கிட்ட இருக்கு"ன்னு ஒரே மூச்சுல முடிச்சுருவாங்க. இன்னொண்ணு, கத்தோலிக்கப் பிள்ளைங்களுக்கு நவம்பர் 2 கல்லறைத் திருநாள். அப்பா அம்மாவப் புதைச்ச இடத்துக்கு மெழுகுவத்தி வைக்க வருவாங்க, எங்க கிளாஸ்ல ரெண்டு பேர நான் அங்கதான் பார்த்தேன். ஜூலை 26 புக்கிட் மெர்தாஜாம் அன்னம்மாள் திருவிழாவும் நல்ல இடம்தான், ஆனா அந்தக் கூட்டத்துல தேடறதுக்கு முன்கூட்டியே யாரு வர்றாங்கன்னு விசாரிச்சுட்டுப் போகணும். மூணாவது, தோட்டத்து வாட்ஸப் குரூப்புங்க. ஒவ்வொரு பழைய தோட்டத்துக்கும் ஒண்ணு இருக்கு, சாவுச் செய்திக்குன்னே ஓடிக்கிட்டு இருக்கும். அதுல டைப் பண்ணிப் போடாதீங்க, வாய்ஸ் மெசேஜ் போடுங்க. உங்க பேரு, அப்பா பேரு, எந்த டிவிசன்னு சொல்லிட்டு விஷயத்த சொல்லுங்க. எழுதிப் போட்ட அறிவிப்புக்கு ஒரு பதிலும் வரல, குரல்ல போட்டதும் அன்னைக்கு ராத்திரியே போன் வந்துச்சு.

அப்படித்தான் என் பக்கத்து சீட்டுக்காரி கெடைச்சா. "நான் எஸ்பிஎம் எழுதலியேடி, எனக்கு என்னடி ரீயூனியன்"ன்னா. "பேர மாத்தியாச்சு, இது ரிமூவ் 81"ன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்ல. அப்புறம், "சேலை கட்டணுமா, பஞ்சாபி சூட் போதுமா?"ன்னு கேட்டா. வர்றேன்னு அவ சொல்லவே இல்ல, ஆனா எனக்குப் புரிஞ்சுபோச்சு.

கூப்பிடறப்ப ஒரே ஒரு விஷயம். நேரா குரூப்ல தூக்கிப் போடாதீங்க. முதல்ல போன்ல பேசுங்க, பழகின ரெண்டு பேரோட சின்னதா ஒரு குரூப் வையுங்க, அங்க ஒரு வாரம் சிரிச்சுப் பேசட்டும், அப்புறம் பெரிய குரூப். நேரா போட்டா டாக்டர் வக்கீல் பேச்சப் பார்த்துட்டு சத்தமில்லாம லெஃப்ட் ஆயிடுவாங்க, திரும்பக் கூப்பிட்டா போன எடுக்க மாட்டாங்க. ஒருத்தி அப்படித்தான் போனா, இன்னும் திரும்பல.

நாள் குறிக்கறதுல பெரிய இழுபறி. எல்லாரும் சனிக்கிழமை ராத்திரி டின்னர்னாங்க. நான் ஞாயித்துக்கிழமை மத்தியானம்னேன், காரணம் டயாலிசிஸ். நம்ம வயசு 57, 58, எங்க கூட்டத்துலயே மூணு பேரு மெஷின்ல இருக்காங்க. திங்கள் புதன் வெள்ளி, இல்ல செவ்வாய் வியாழன் சனி, எந்த ஷிஃப்ட்டா இருந்தாலும் ஞாயிறு ஃப்ரீ. ராத்திரின்னா கண்ணு தெரியாம காரோட்ட முடியாதவங்களும் வர மாட்டாங்க. சிங்கப்பூர்ல இருந்து வர்றவங்களுக்குதான் கஷ்டம், திங்கக்கிழமை வேலை, ஜொகூர் பாலத்துல ஜாம், அவங்க லீவு போட்டாகணும். ஒருத்தருக்கு லீவு, ஒருத்தருக்கு உயிருன்னு சொன்னதும் அடங்கிட்டாங்க. காலையில சர்ச்சுல தமிழ்ப் பூசை, இறந்தவங்க பேரு வாசிக்கறது, விருப்பம் உள்ளவங்க வரலாம், கட்டாயம் இல்ல. அதுக்கப்புறம் சாப்பாடு.

இடம். முதல்ல ஈப்போவுல ஒரு ஹோட்டல் பேசினாங்க, ஆளுக்கு 130 வெள்ளி (ரிங்கிட்), டெபாசிட் கட்டுனதுக்கு அப்புறம் மினிமம் இத்தனை மேசைன்னு பேச்ச மாத்துனாங்க, நல்லவேளை சின்னத் தொகைதான், அதோட விட்டுட்டோம். அந்த 130 வெள்ளி சில பேருக்கு ஒரு வார மளிகை. இப்ப ஊர்லயே ஹால், கேட்டரிங், ஆளுக்கு 35 வெள்ளி. அந்த 35ஐயும் யாருகிட்டயும் கேட்டு வாங்கல. முடிஞ்சவங்க முடிஞ்சதப் போடுங்கன்னு அக்கவுண்ட் நம்பர் கொடுத்தாச்சு, யாரு எவ்வளவு போட்டாங்கன்னு பொருளாளர் ஒருத்திக்கு மட்டும்தான் தெரியும், மொத்த வரவு செலவு மட்டும் வாராவாரம் குரூப்ல வந்துரும். சில குரூப்ல பேரோட லிஸ்ட் போடறாங்க, இன்னார் 500, இன்னார் 50ன்னு. அத மட்டும் செய்யாதீங்க. 50 போட முடியாதவ வீட்டுலயே இருந்துருவா.

சாப்பாடு ஹலால் கேட்டரர்தான், மலாய்க் கூட்டாளிங்களும் டீச்சருங்களும் இருக்காங்க. மாடு வேணாம், அது பேச்சே இல்லாம முடிவாச்சு. சைவத்துக்குத் தனி மேசை, கரண்டி மாறாம பார்த்துக்க ஒரு ஆளு, ஏன்னா சீனக் கூட்டாளிங்கள்ல சைவம் சாப்பிடறவங்க வெங்காயம் பூண்டு கூட சேர்க்க மாட்டாங்க, இது நம்ம ஆளுங்களுக்கே தெரியறதில்ல. சக்கரை இல்லாத டீ ஒரு பெரிய டிரம். காலையில பசியாற தெலுக் இந்தான் சீ சியோங் ஃபான், அந்த அரிசி மாவு ரோல், வேணும்னு வெளிநாட்டுக்காரிங்க ஒத்தக் கால்ல நிக்கறாங்க, அது அவங்க சொந்தக் காசுல சொந்தமா வாங்கிக்கட்டும்.

நேம் டேக்ல பேரு, அதுக்குக் கீழ தோட்டம் இல்லன்னா கம்பம் (கிராமம்) இல்லன்னா தெரு. வேலை, பட்டம் ஒண்ணும் கிடையாது. பட்டப் பேரும் வேணாம்னு நான் புடிவாதமா நின்னேன், 13 வயசுல "கருப்பி", "குண்டு"ன்னு கூப்பிட்டது இப்ப பேத்தி பக்கத்துல நிக்கறப்ப சிரிப்பா வராது, அவங்களா சொல்லிக்கிட்டா அது வேற. மேசையில ரிமூவ் ஒரு பக்கம் ஃபார்ம் ஃபைவ் ஒரு பக்கம்னு உட்காராம இருக்க சீட்டு குலுக்கிப் போடலாம்னு பேச்சு, நான் அதுக்கு எதிர்ப்பு. இத்தனை வருஷம் கழிச்சு வர்றவ தெரிஞ்சவ பக்கத்துலதான் உட்காரணும். சாப்பிட்டு முடிச்சதும் அவளே எழுந்து சுத்துவா.

பழைய போட்டோ விஷயம் இன்னொரு கதை. ரிமூவ் கிளாஸ் போட்டோ எங்க யாருகிட்டயும் இல்ல, ஏன்னா வாங்கக் காசு இல்ல, பின்னாடி வரிசையில நிக்கறது நாங்கதான், ஆனா போட்டோ எங்ககிட்ட கிடையாது. கடைசியில அந்த சீனக் கூட்டாளி வீட்டுல அவ அம்மா பிஸ்கட் டின்ல வெச்சிருந்தாங்க. போன்ல எடுத்து அனுப்பாதன்னு சொல்லி கடையில ஸ்கேன் பண்ண வெச்சோம், பெரிசு பண்ணினா மூஞ்சி தெளிவா தெரியுது. வர்றவங்க ஒவ்வொருத்தருக்கும் ஒரு காப்பி, பின்னால எல்லார் பேரும் அச்சடிச்சு. ரெண்டு மூஞ்சிக்கு இன்னும் பேரு தெரியல.

ஸ்கூலுக்குள்ள போகணும்னா நெனச்ச நேரத்துக்குப் போய் கேட்ல நிக்காதீங்க. மிஷன் ஸ்கூல்னா நிலமும் கட்டடமும் மிஷனோடது, டீச்சரும் சம்பளமும் அரசாங்கத்தோடது, அதனால பெங்கெதுவாவுக்கு, தலைமையாசிரியருக்கு, மலாய்ல முறையா ஒரு கடிதம், போர்டு ஆஃப் கவர்னர்ஸுக்கு ஒரு நகல், ஒரு ரெண்டு மாசம் முன்னாடியே. எத்தனை பேரு, எத்தனை மணிக்கு, எந்த இடமெல்லாம் பார்ப்பீங்கன்னு எழுதிடுங்க, கை இல்லாத சட்டை, அரைக்கால் சிலுவார் வேணாம்னு உங்க ஆளுங்களுக்கும் சொல்லிடுங்க. 2021ல கேஎல்ல புக்கிட் நானாஸ் கான்வென்ட் நிலக் குத்தகை விஷயம் கோர்ட்டு வரைக்கும் போனப்ப எங்க குரூப்பே இல்ல, ஆனா அன்னைக்கு இருந்து எல்லாருக்கும் ஒரு பயம், நம்மளுது இருக்கும்போதே ஒரு தடவை பார்த்துரணும்னு. அந்தப் பயம்தான் இந்த ரீயூனியனுக்கே பாதி காரணம்.

பேச்சு ரெண்டே ரெண்டு, ஆளுக்கு அஞ்சு நிமிஷம். ஒண்ணு ஒரு டீச்சர், ஒண்ணு ரிமூவோட நின்னுபோன ஒருத்தி, அவ தமிழ்லயே பேசட்டும், மலாய்ல சொல்ல ஆளு இருக்கு. கரோக்கே மூணு மணிக்கு மேலதான், அதுக்கு முன்னாடி மைக்கத் தொட்டா அப்புறம் யாரும் யார்கூடவும் பேச முடியாது.

இப்ப பாக்கி இருக்கறது வேன். காப்பார், கிள்ளான்ல இருந்து ஏழு பேரு வர்றதா இருக்காங்க, யாருகிட்டயும் கார் இல்ல, பஸ்ல வந்தா திரும்பிப் போற நேரம் சரியா வராது. 12 சீட் வேன் ஒண்ணு பேசியிருக்கோம், காப்பார்ல காலையில ஆறு மணிக்குக் கிளம்பணும், சபாக் பெர்ணாம் வழியா வந்தா பூசைக்கு வந்து சேர்ந்துரலாம், வழியில ஒண்ணுக்குப் போக ரெண்டு தடவை நிறுத்தணும், எல்லாம் சக்கரைக்காரிங்க. டிரைவர் வாடகையில பாதிய முன்பணமா கேக்கறாரு, பொருளாளர் நாளைக்குப் போடறேன்னு சொல்லியிருக்கா. இன்னும் நாலஞ்சு சீட்டு காலி, கிள்ளான் பக்கம் யாராச்சும் இருந்தா சொல்லுங்க, ரிமூவ் 81ஓ ஃபார்ம் ஒன் 82ஓ, அவ்வளவுதான் கணக்கு.